ஐந்து வெல்டரா, ஒரு ரோபோவா? சூளகிரிப் பட்டறை ஒன்றின் கணக்கு

சூளகிரியைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் பட்டறை. பிரஸ் மூன்று, கம்பியும் கேஸும் ஓட்டிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங் செட் ஆறு, ஆட்கள் பதினேழு பேர். சித்தப்பா ஆரம்பித்தது. ஓசூர்ப் பக்கத்துச் சிறு பட்டறைகளுக்கு அந்தக் காலத்தில் சோறு போட்டவை லாரியும் மொபெட்டும். அசோக் லேலண்ட் இங்கே ஆலை திறந்தது 1980-ல். டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து சாலைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து லோடு ஏற்றி அனுப்பினால் மாதக் கடைசியில் செக் வரும். அந்தத் தொழிலில்தான் என் படிப்புச் செலவும் நடந்தது.

இப்போது வந்திருப்பது மின்சாரக் கார் வேலை. காரின் அடியில் பேட்டரிப் பெட்டியைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் இரும்பு பிராக்கெட். ஒரு காருக்கு நான்கு. ஒரு நாளைக்கு 150 கார் என்று வாடிக்கையாளர் சொல்கிறார், ஆக 600 பீஸ். கூடவே ஒரு வரி: “ரோபோ வெல்டிங் இருந்தால் முன்னுரிமை.” அந்த ஒரு வரிக்காக மூன்று மாதமாக விலைப்புள்ளி வாங்கிக்கொண்டிருக்கிறேன். பெங்களூரு பீன்யாவிலிருந்து ஒருவர், புனேயிலிருந்து ஒருவர், அம்பத்தூரிலிருந்து இருவர் வந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பட்டறைக்காரர்களுக்கு உதவும் என்றுதான் என் கணக்கை அப்படியே எழுதுகிறேன். விலைகள் எனக்கு வந்தவை. உங்களுக்கு வேறாக இருக்கும்.

முன்னால் இருந்த வழிகள் ஆறு. கையால் வெல்டிங் செய்யும் ஆட்களையே கூட்டுவது. இந்தப் பீஸுக்கு மட்டும் ஒரு எஸ்பிஎம், அதாவது ஒரே வேலைக்கென்ற தனி இயந்திரம், செய்து வைப்பது. பழைய ரோபோ வாங்குவது. புதிய ஆறு அச்சு ரோபோவைச் சுழலும் மேசையோடு போடுவது. ஆட்களோடு பக்கத்தில் நின்று வேலை செய்யும் ரோபோவான கோபாட். ஆறாவது யாரும் விற்க வராத வழி: பக்கத்துப் பட்டறையில் ரோபோ வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க் கொடுப்பது.

முதலில் ஒன்று. மின்சாரக் கார் ஆலை என்றதும் நம் ஆட்கள் கண்ணில் வருவது ஆள் இல்லாத கூடமும் ஆடும் கைகளும். பாதி உண்மை. சீனாவின் ஷாவ்மி, பெய்ஜிங் ஆலையில் 700-க்கு மேற்பட்ட ரோபோக்கள் இருப்பதாகவும் 76 விநாடிக்கு ஒரு கார் வெளியே வருவதாகவும் சொல்கிறது. நம் மாவட்டத்திலேயே, 2021-ல் போச்சம்பள்ளிப் பக்கம் 500 ஏக்கரில் ஓலா ஸ்கூட்டர் ஆலை எழும்பியபோது 3,000 ரோபோ என்று அறிவித்தார்கள். அதே ஆலைக்கு அதே ஆண்டு வந்த இன்னொரு அறிவிப்பு, 10,000 பெண்கள் வேலை பார்க்கும் இடமாக அது இருக்கும் என்பது. இரண்டு அறிவிப்பையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். ரோபோவுக்கு ஒத்துவருகிற வேலைகள் சில, வராதவை பல.

காரை எடுத்துக்கொண்டால் அதன் உடற்கூட்டை இணைக்கும் கூடத்தில் ஸ்பாட் வெல்டிங், பெயின்ட், பேட்டரி செல்களை இணைக்கும் லேசர் வெல்டிங், செல்லுக்கும் குளிர்தட்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பசையை ஒரே அளவில் பிதுக்குவது, நானூறு ஐநூறு கிலோ பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக் காரின் வயிற்றில் பொருத்துவது எல்லாம் இயந்திரத்தின் வேலை. ஒயரிங், சீட், டேஷ்போர்டு என்று வளைந்து தொங்குகிற சாமான்கள் வரும் இடத்தில் இன்றைக்கும் மனிதக் கைகள்தான்.

இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றவர் எலான் மஸ்க். மாடல் 3 காருக்காக எல்லாவற்றையும் இயந்திரமாக்கப் போய், 2018 ஏப்ரலில், அளவுக்கு மீறி ரோபோ வைத்தது தவறு, தன்னுடைய தவறு என்று அவரே ஒத்துக்கொண்டார். அதில் எனக்குப் பிடித்த கதை பேட்டரி மேல் போடும் கண்ணாடியிழைப் பாயைப் பற்றியது. அந்தப் பஞ்சு மாதிரிப் பாயை எடுத்து வைக்க ஒரு ரோபோ. பஞ்சைப் பிடிக்கத் தெரியாமல் அது திணற, உற்பத்தியே தடைப்பட்டது. கடைசியில் அந்தப் பாய் எதற்கு என்று விசாரித்தார்கள். அது இல்லாமலே கார் ஓடும் என்று தெரிந்தது. சித்தப்பாவிடம் சொன்னேன். “நம்ம ஊர்ல கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துட்டு கரன்ட் போகவே இல்லைன்னு வருத்தப்பட்ட மாதிரி” என்றார். சரியான உவமை இல்லை. ஆனாலும் சிரித்தேன்.

எங்கள் பிராக்கெட் அந்தப் பஞ்சுப் பாய் இல்லை. மூன்று மில்லிமீட்டர் தகட்டில் அழுத்திய மூன்று துண்டுகள், ஆறு இடத்தில் பற்று, மொத்தம் 480 மில்லிமீட்டர் நீளம். மாதம் முழுக்க ஒரே வேலை. 1961-ல் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ சூடான வார்ப்புகளைத் தூக்கியெடுக்க நின்றதே, அந்த ஜாதி வேலை: சூடு, சலிப்பு, திரும்பத் திரும்ப ஒன்றே. ஆகவே ரோபோ பொருந்துமா என்ற கேள்விக்கு விடை, பொருந்தும். எப்போது, யார் பணத்தில் என்பதுதான் மிச்சம்.

கைவேலையிலிருந்து தொடங்குகிறேன். நல்ல வெல்டர் ஒருவர் இந்தப் பீஸை வைத்து, கிளாம்ப் போட்டு, பற்றவைத்து, திருப்பி, டார்ச் நுனியைச் சுத்தம் செய்து கீழே வைக்க மூன்று நிமிடம் ஆகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அதில் ஆர்க், அதாவது உலோகத்தை உருக்கும் மின்பொறி, எரிவது ஒரு நிமிடம் சொச்சம். மீதியெல்லாம் எடுப்பதும் வைப்பதும். ஷிப்டில் ஏழு மணி நேரம் உண்மையான வேலை நடந்தால் 140 பீஸ். 600 பீஸுக்கு ஐந்து பேர் வேண்டும். சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் சேர்த்து ஆளுக்கு 28,000 ரூபாய் என்றால் மாதம் 1,40,000.

முதலீடு என்று பார்த்தால் இதுதான் மலிவு. செட் ஏற்கெனவே இருக்கிறது. நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஆனால் வெல்டர் கிடைக்க வேண்டுமே? ஓசூரைச் சுற்றிப் பெரிய ஆலைகள் வரவர, நாம் இரண்டு வருடம் பழக்கிய பையனுக்குப் பஸ், கேன்டீன், யூனிஃபார்ம் என்று அங்கே எல்லாமே கிடைக்கிறது. தீபாவளி போனஸ் வாங்கிய மறு வாரம் ஆள் இருக்க மாட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நானாக இருந்தாலும் போயிருப்பேன். கை மாறினால் பற்றின் ஊடுருவல், அதாவது அது தகட்டுக்குள் இறங்கும் ஆழம், மாறும். பேட்டரி பிராக்கெட் என்பதால் வாடிக்கையாளர் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பீஸை அறுத்து, பாலிஷ் போட்டு, அமிலம் தடவி ஊடுருவலை அளக்கச் சொல்கிறார். மோதலில் பேட்டரி பிய்ந்துவிடக் கூடாதே. சனிக்கிழமை இரண்டாவது ஷிப்ட் பீஸும் செவ்வாய் காலைப் பீஸும் ஒன்றாக இருக்கும் என்று ஐந்து பேர் கைக்கும் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

எஸ்பிஎம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 9 லட்சம் என்றார்கள். இந்தப் பீஸை மட்டும் அழகாகச் செய்யும். நீளமான நேர் பற்று, வட்டப் பற்று இருக்கிற வேலைக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை. சைலன்சர், டேங்க் செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் மின்சாரக் காரில் டிசைன் நிற்பதே இல்லை. டெஸ்லா, மாடல் ஒய் காரின் பின்பக்க அடிப்பகுதியில் சுமார் 70 துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைப்பதற்குப் பதிலாக, இத்தாலிய இட்ரா நிறுவனத்தின் ராட்சத வார்ப்பு இயந்திரத்தில் ஒரே வார்ப்பாக எடுத்துவிட்டது. எழுபது துண்டு என்றால் எங்களைப் போல எத்தனை பட்டறை என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாள் நம் பக்கம் வந்தால் எஸ்பிஎம்மைக் கிலோ கணக்கில் போட வேண்டியதுதான். ரோபோவுக்கு மறுநாள் வேறு வேலை கற்றுக்கொடுக்கலாம்.

பழைய ரோபோவில்தான் சித்தப்பாவுக்கு ஆசை. 11 லட்சம். வெளிநாட்டுக் கார் ஆலையிலிருந்து கழற்றி வந்தது, புதுப் பெயின்ட், பார்க்க மாப்பிள்ளை மாதிரி. பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். மூட்டுகளுக்குள் இருக்கும் கியர் குறைப்பான் தேய்ந்திருந்தால் கை நீட்டும்போது நுனியில் ஆட்டம் தெரியும்; அதை மாற்றும் செலவு ரோபோவின் விலையோடு போட்டி போடும். மூட்டு எங்கே நிற்கிறது என்று அளக்கும் என்கோடருக்கென்று ஒரு பேட்டரி உண்டு. அது செத்துவிட்டால் ரோபோவுக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும், மறுபடி பூஜ்யப் புள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும். கன்ட்ரோலர் பழைய தலைமுறை என்றால் போர்டு கிடைக்காது. ரோபோவுக்கு வேலை கற்றுக்கொடுக்கக் கையில் பிடிக்கும் டீச் பெண்டன்ட் உடைந்தால் தேடி அலைய வேண்டும். உங்கள் பட்டறையிலேயே கன்ட்ரோலரைத் திறந்து சரிசெய்யத் தெரிந்த ஆள் இருந்தால் வாங்குங்கள், நிஜமாகவே லாபம். எங்களிடம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி வாங்கிய ரோபோ எட்டு மாதமாகத் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது.

புதிய ரோபோவுக்கு வருவோம். ரோபோ, வெல்டிங் பவர் சோர்ஸ், சுழலும் இரட்டை மேசை, வேலி, சென்சார், பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சர் எல்லாம் சேர்த்து 30 லட்சம். முதலில் வந்த விலைப்புள்ளியில் 23 என்றுதான் இருந்தது. ஃபிக்சர் எங்கே என்று கேட்டேன், “அது உங்க ஸ்கோப் மேடம்” என்றார். விலைப்புள்ளி வாங்கும் யாரும் இந்தக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. உள்ளீட்டு வரியாகத் திரும்பி வரும், ஆனால் அதுவரை 5,40,000 ரூபாய் நம் பணமாக எங்கோ தொங்கும்.

வேகம் எப்படி? நிமிடத்துக்கு 750 மில்லிமீட்டர் ஓட்டினால் ஆர்க் நேரம் 38 விநாடி. ஒரு பற்றிலிருந்து இன்னொன்றுக்குக் காற்றில் தாவ ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி. மேசை திரும்ப, பீஸைப் புரட்ட, மொத்தம் 65 விநாடி. அதற்குள் இந்தப் பக்க மேசையில் ஆள் அடுத்த பீஸை மாட்டிவிடலாம். ஷிப்டுக்கு 387 பீஸ், இரண்டு ஷிப்டில் 600 சுலபமாக முடியும். ஷிப்டுக்கு ஒரு ஆபரேட்டர், ஆளுக்கு 20,000. முழுவதும் கடன் என்றே வைத்து, 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை 65,000 ரூபாய். பராமரிப்பு 10,000.

கோபாட் விற்க வந்தவர்தான் நன்றாகப் பேசினார். கையைப் பிடித்து இழுத்துக் காட்டினால் அது கற்றுக்கொள்கிறது. எங்கள் பையனே அரை மணி நேரத்தில் ஒரு பற்றை ஓட்டிவிட்டான். இந்த இனத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ், 2005-ல் தொடங்கிய நிறுவனம். விலை 22 லட்சம், வேலி வேண்டாம் என்றார். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மனிதன் மேல் பட்டால் நின்றுவிடும் என்பது கையைப் பற்றிய உண்மை. கையின் நுனியில் இருப்பது என்ன? கொதிக்கிற டார்ச், கூரான கம்பி, கண்ணைப் பறிக்கும் ஆர்க், புகை. ரோபோ பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 தரமும் ரோபோவை மட்டும் பார்க்கச் சொல்வதில்லை, அது செய்கிற வேலை முழுவதையும் வைத்து ஆபத்தை அளக்கச் சொல்கிறது. வெல்டிங்குக்குத் திரை வேண்டும், புகை உறிஞ்சி வேண்டும். ஆகவே “வேலி மிச்சம்” என்ற கணக்கைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தில் கோபாட்டைப் பலர் தப்பாகக் குறை சொல்கிறார்கள். ஆர்க் எரியும்போது கை நகர்வது விநாடிக்கு 12 மில்லிமீட்டர் சொச்சம், எறும்பு ஊர்கிற மாதிரி. அதில் எந்த ரோபோவும் கோபாட்டை முந்த முடியாது. அது பின்தங்குவது காற்றில் தாவும்போது. எங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆறு பற்றில் இரண்டு பீஸின் முதுகில் இருக்கின்றன. 22 லட்சக் கோபாட்டில் பீஸைப் புரட்டும் மேசை கிடையாது. ஆள் கிளாம்பைத் தளர்த்தி, திருப்பி, மறுபடி மாட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் பீஸுக்கு 100 விநாடி, ஷிப்டுக்கு 252, இரண்டு ஷிப்ட் ஓட்டினாலும் 504. நூறு பீஸ் துண்டு விழுகிறது. புரட்டும் மேசையைச் சேர்த்தால் விலை 28 லட்சத்துக்கு ஏறுகிறது. அந்த விலைக்குப் பெரிய ரோபோவையே வாங்கிவிடலாமே. மாதம் இருபது வகைப் பீஸ், ஒவ்வொன்றும் ஐம்பது நூறு என்று செய்கிறவர்களுக்குக் கோபாட்தான் சரி என்பேன். நாங்கள் ஒரே வகை, ஆயிரக்கணக்கில்.

இனி ஜாப் ஒர்க். இரண்டு கிலோமீட்டரில் ஒரு பட்டறையில் ரோபோ இருக்கிறது, இரவு ஷிப்ட் சும்மா நிற்கிறது. கம்பி, கேஸ், ஏற்றிப் போய்வரும் வண்டி எல்லாம் சேர்த்துப் பீஸுக்கு 17 ரூபாய் கேட்டார்.

கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லா வழிக்கும் கம்பி, கேஸ் செலவு பீஸுக்கு ஏறக்குறைய 5 ரூபாய். மாதம் 25 நாள், 15,000 பீஸ். கைவேலைக்குப் பீஸ் 14 ரூபாய் 30 பைசா. புதிய ரோபோவில் 12 ரூபாய் 70 பைசா. ஜாப் ஒர்க் 17. இதை மட்டும் பார்த்தால் ரோபோவுக்கு உடனே அட்வான்ஸ் கொடுக்கலாம். சித்தப்பா பேனாவை எடுத்தே விட்டார்.

“கார் பாதிதான் வித்துதுன்னா?” என்றேன்.

“ஏன் பாப்பா, நல்ல காரியத்துல இப்படிப் பேசற?”

பேசித்தான் ஆக வேண்டும். வாடிக்கையாளர் சொல்வது 150 கார். சொல்வதுதான், எழுதிக் கொடுப்பதில்லை. புதுக் கார் சந்தைக்கு வந்து எப்படிப் போகும் என்று செய்கிறவர்களுக்கே தெரியாது. ஒரு நாளைக்கு 75 கார், 300 பீஸ் என்று வையுங்கள். மாதம் 7,500. கைவேலைக்கு மூன்று வெல்டர் போதும், பீஸ் 16 ரூபாய் 20 பைசா. ரோபோவுக்கு ஒரு ஷிப்ட், ஒரு ஆபரேட்டர், பராமரிப்பும் கொஞ்சம் குறையும். ஆனால் தவணை 65,000 அப்படியே நிற்கிறது. பீஸ் 17 ரூபாய் 40 பைசா. ஜாப் ஒர்க் அதே 17. முழு ஆர்டரில் எல்லாரையும் தோற்கடித்த ரோபோ, அரை ஆர்டரில் கடைசி. ஆர்டர் இன்னும் குறைந்தால் ஜாப் ஒர்க்காரருக்கு அனுப்பும் பீஸைக் குறைத்துக்கொள்ளலாம். வங்கிக்கு அனுப்பும் தவணையைக் குறைக்க முடியுமா?

சித்தப்பா பேனாவை மூடினார். அன்று அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை.

இந்தக் கணக்கை மாற்றிய இன்னொரு விஷயம் பணத்தில் இல்லை, தகட்டில் இருந்தது. ஜாப் ஒர்க்காரரின் ரோபோவில் சோதனைக்கு இருபது பீஸ் கொண்டுபோனோம். ஏழு பீஸில் ஓட்டை. ரோபோவில் குறை இல்லை. ஒரே புள்ளிக்கு ஆயிரம் தடவை போனாலும் மயிரிழைதான் விலகும். ஆனால் அந்தப் புள்ளியில் பற்ற வேண்டிய விளிம்பு இருக்க வேண்டுமே! 1.2 மில்லிமீட்டர் கம்பி போட்டால், விளிம்பு இடம் மாறுவது கம்பியின் பாதி விட்டத்துக்குள், அதாவது 0.6 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. எங்கள் பீஸில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இடைவெளி. பிரஸ்ஸில் தகட்டை வடிவாக்கும் அச்சான டை தேய்ந்திருக்கிறது, தகடு வளைத்தபின் ஸ்பிரிங் பேக் ஆகி, அதாவது கொஞ்சம் பின்வாங்கி, விரிகிறது. இத்தனை வருடம் இது யாருக்கும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் மூத்த வெல்டர், பென்னாகரத்துக்காரர். இடைவெளி பெரிதாக வந்தால் கையை லேசாக அசைத்து, வேகத்தைக் குறைத்து, நிரப்பிக்கொண்டே போய்விடுவார். கேட்டால் “அதான் பழக்கம்மா” என்பார். பிரஸ் பக்கத்துத் தவறுகளை முப்பது வருடமாக வெல்டிங் பக்கம் மூடி மறைத்துக்கொண்டிருந்தது. அன்று ரோபோவைச் சுற்றி வந்து பார்த்தவர், “கை நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் இல்ல” என்றார்.

கண்ணும் விற்கிறார்கள். கம்பி நுனியால் தொட்டுப் பார்த்து விளிம்பைத் தேடும் வசதி, ஆர்க்கின் மின்னோட்டத்தை வைத்தே தடம் பிடிக்கும் வசதி, லேசர் கேமரா என்று மூன்று வகை. தொட்டுத் தேடுவது மலிவு, ஆனால் ஒவ்வொரு தொடுதலுக்கும் சில விநாடி போகும், எங்கள் 65 விநாடி 80-ஐத் தாண்டிவிடும். லேசர் கேமரா நன்றாக இருக்கிறது, விலையைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லி அனுப்பினேன். விளிம்பு எங்கே என்று இவை கண்டுபிடிக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் பள்ளத்தை மூடுவது வேறு வித்தை. டையைச் சரிசெய்ய ஒன்றே முக்கால் லட்சம். முப்பது லட்சத்தை ஒழுங்காக ஓட வைக்க அந்த ஒன்றே முக்கால்தான் முதலில் போக வேண்டும்.

இன்னும் இரண்டு செலவு, விலைப்புள்ளியில் யாரும் எழுதாதவை. ஒன்று மின்சாரம். வோல்டேஜ் ஆடினால் வெல்டர் ஒரு நிமிடம் நிறுத்தி டீ குடிப்பார். ரோபோ நடு பற்றில் நின்று பீஸைக் கெடுக்கும். சர்வோ ஸ்டெபிலைசர் தனியாக வாங்க வேண்டும். மற்றொன்று எர்த். நம் மாவட்டத்து மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கிரானைட் குவாரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். நாலு அடி தோண்டினால் பாறை. கன்ட்ரோலருக்குக் கேட்கும் எர்த் மதிப்பு எங்கள் பழைய குழியில் வரவில்லை. வேறு இடம் பார்த்து இரண்டு குழி போட்டு, ஈரம் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் நிரப்பி, அப்புறம்தான் மீட்டர் இறங்கியது. காவிரிக் கரைப் பட்டறைக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஆட்களைப் பற்றி. ஐந்து வெல்டரா, ஒரு ரோபோவா என்று தலைப்பு வைத்துவிட்டேனே தவிர, இருக்கிற யாரையும் அனுப்பும் யோசனை இல்லை. ஆள் கிடைக்காததுதான் எங்கள் பிரச்சினை. ரோபோவுக்குக் கற்றுக்கொடுக்க யார் என்று கேட்டபோது கம்பெனி ஆள் டிப்ளமா படித்த பையன் ஒருவனைக் கேட்டார். பையன் பெண்டன்ட்டை இரண்டு நாளில் பழகிவிடுவான். டார்ச் எந்தச் சாய்வில் இருக்க வேண்டும், கம்பி எவ்வளவு நீட்டியிருக்க வேண்டும், எந்தப் பற்றை முதலில் போட்டால் தகடு கோணாது என்பதெல்லாம் பென்னாகரத்துக்காரர் தலைக்குள் இருக்கிறது. இரண்டு பேரையும் சேர்த்தே அனுப்பப் போகிறேன். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தரம் உயர்த்தியிருக்கிறார்கள், அங்கே ரோபோ பயிற்சியும் வந்துவிட்டது. நம் பட்டறைக்கு அடுத்து வரும் பையன்களுக்கு ரோபோ புதுசாக இருக்காது.

இனி எங்கள் முடிவு. இப்போதைக்கு ஜாப் ஒர்க். பீஸுக்கு நாலு ரூபாய் அதிகம் என்று தெரிந்தேதான். ஆர்டர் 150 கார் என்றே வந்தால் மாதம் சுமார் 65,000 ரூபாய் ரோபோ வைத்திருப்பவரிடம் விட்டுக்கொடுக்கிறோம். அது எங்களுக்குக் காப்பீட்டுத் தவணை. ஃபிக்சர் மட்டும் எங்கள் பணத்தில், எங்கள் பெயரில். அவருடைய மேசையில் உட்காரும் அளவில் செய்கிறோம். நாளைக்கு எங்கள் ரோபோ வந்தால் கழற்றி இங்கே மாட்டிக்கொள்ளலாம். ஃபிக்சரையும் அவரே செய்து தருகிறேன் என்றார், மறுத்துவிட்டேன். ஃபிக்சர் யாரிடமோ அவரிடம்தான் வேலை. வாடிக்கையாளரிடமும் மறைக்கவில்லை, ரோபோ வெல்டிங் எந்த இடத்தில் நடக்கிறது என்று எழுத்தில் கொடுத்துவிட்டோம். ஆடிட்டுக்கு அங்கேயே வரட்டும்.

மாதம் 7,800 பீஸைத் தாண்டினால், அதாவது நாளைக்கு 310-க்கு மேல் போனால், சொந்த ரோபோ ஜாப் ஒர்க்கைவிட மலிவாகிறது. நான் வைத்திருக்கும் கோடு 400. மூன்று மாதம் தொடர்ந்து நாளைக்கு 400 பீஸ் போனால் புதிய ரோபோவுக்கு ஆர்டர். பழையதற்கும் கோபாட்டுக்கும் இல்லை. 310-ல் ஏன் வாங்கவில்லை என்று சித்தப்பா கேட்டார். ஒரு மாதம் வாடிக்கையாளர் பணம் தள்ளிப்போனால் தவணை கட்ட அந்த இடைவெளி வேண்டும் என்றேன். மறுபேச்சு இல்லை. பணம் தள்ளிப்போகாத மாதத்தை அவரும் பார்த்ததில்லை.

டை வேலைக்குப் போயிருக்கிறது. ஆடி என்பதால் சித்தப்பா வேறு எதற்கும் கையெழுத்துப் போட மாட்டார், நானும் வற்புறுத்தவில்லை. ஆவணியில் டை திரும்பி வந்ததும் முதல் 200 பீஸைப் பென்னாகரத்துக்காரர் ஒவ்வொன்றாக, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் போட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவார். 0.6-க்கு மேல் பத்துப் பீஸ் வந்தாலும் டை மறுபடி போகும். நோட்டும் பேனாவும் பிரஸ் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டாயிற்று.